படித்த படிப்பும் பார்த்த வேலையும்

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம், "ஹிஸ்டரிக்காரர் நீங்கதான் சார், கல்லூரி வரலாற்றைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். கல்லூரி வரலாறு என்றால் 1837-இல் ஜான் ஆண்டர்சன் பள்ளி தொடங்கியதில் ஆரம்பித்து, டாக்டர் வில்லியம் மில்லரைப் போற்றி, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிவந்ததில் முடிப்பதுதான் வழக்கம். அதை நாம் பல மலர்களில் படித்தாயிற்று. ஆகவே இம்முறை, கட்டடங்களின் வரலாற்றை விட்டுவிட்டு ஒரு கேள்வியின் வரலாற்றை எழுதலாம் என்று நினைத்தேன்.

அந்தக் கேள்வி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. நாலு பேர் சேர்ந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏம்ப்பா, நீ படிச்ச படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?" உடனே ஒரே சிரிப்பு. கெமிஸ்ட்ரி படித்தவர் இன்ஷூரன்சில் இருந்தார். விலங்கியல் படித்தவர் வருமான வரி பார்த்தார். நானோ வரலாறு படித்துவிட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு யாராவது ஒருவர் இன்னொன்றும் சொல்வார்: "பையன் செகண்ட் இயர் படிக்கிறான். இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வரலைங்கிறான். கட்டின பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் முகத்தைப் பார்த்தா பயமா இருக்கு." அப்போது யாரும் சிரிப்பதில்லை. நம் நாளில் இந்தச் சந்தேகம் வந்தால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். இன்றைய பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வரலாறு படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இதற்கு முன் இந்த நோய் கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் எலெக்ட்ரிக் ரயில் ஓடத் தொடங்கியதே, அந்தத் தண்டவாளத்தின் இரு முனைகளையும், நடுவில் குரோம்பேட்டையையும் பார்த்தால் போதும். ஒரு முனையில், ஹைகோர்ட்டுக்கு எதிரே, நம் பழைய கல்லூரி. மறுமுனையில் நம்முடைய தாம்பரம்.

பாரிமுனையில் இருவர்

முதலாமவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி. பரிதிமாற் கலைஞர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் 1870-இல் பிறந்தவர். நம் கல்லூரியில் படித்து 1892-இல் பி.ஏ. தேறினார். தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவர். கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் பணி அவரைத் தேடி வந்தது. அந்தக் காலத்தில் அது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம், தத்துவம், கணிதம் கற்பித்தவர்களுக்குத்தான் முன்வரிசை நாற்காலி. தமிழாசிரியருக்கு எங்கே இடம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அவர் தத்துவம் வேண்டாம், தமிழ்தான் கற்பிப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பத்தே ஆண்டுகள். 1903-இல், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்துவிட்டார். அதற்குள் நாடகம் எழுதினார், நாடக இலக்கணம் எழுதினார், மொழி வரலாறு எழுதினார். 1902-இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்க முயற்சி நடந்தபோது, மு.சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து எதிர்த்து நின்றார். தமிழ் ஒரு செம்மொழி என்று அவர் எழுதியதை மத்திய அரசு 2004-இல் ஏற்றது. நூறாண்டு கழித்துப் பலன் தரும் வேலையை எந்த வேலைவாய்ப்புக் கணக்கும் காட்டாது.

இரண்டாமவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். திருத்தணியில் 1888-இல் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்தவர். பி.ஏ.வுக்கு என்ன பாடம் எடுப்பது என்று நிச்சயமில்லாமல் இருந்த நேரத்தில், படிப்பை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டார். வசதி குறைந்த குடும்பம். புத்தகம் இனாமாகக் கிடைத்தது. பாடமும் முடிவாயிற்று. இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். வெளிப்பார்வைக்குத் தற்செயலாகத் தெரியும் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள்தான் தம் வாழ்க்கையை உருவாக்கின, அவற்றுக்குப் பின்னே ஏதோ இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். "பாருங்கள், பழைய புத்தகம் ஒரு ஜனாதிபதியை உண்டாக்கியது" என்று கைதட்டு வாங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கட்டம். வகுப்பில் அவர் வேதாந்தத்தைப் பற்றிய கடுமையான விமர்சனங்களைக் கேட்டார். வேதாந்தத்தில் நல்லொழுக்கத்துக்கு இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. அது அவரைக் குத்தியது. அந்த விமர்சனத்துக்குப் பதில் தேடித்தான் எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி ஆய்வுரை எழுதினார். அது 1908-இல் அச்சேறியபோது அவருக்கு இருபது வயது. பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் அதைப் பாராட்டினார். கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது முதல்வராக இருந்தாரே, அதே ஹாக்தான். பாடம் தற்செயலாக வந்தது உண்மை. அதற்குள் இருந்த கேள்வியை அவரே கண்டுபிடித்தார். கேள்வி கிடைத்த பிறகுதான் பாடம் அவருடையதாயிற்று. 1909-இல் மாநிலக் கல்லூரி, பிறகு மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஒரே கல்லூரி, ஒரே தத்துவப் பாடம். அதில் முதல் மாணவராகத் தேறியவர் அதை விட்டுப் போனார். இனாமாகக் கிடைத்த புத்தகத்தோடு வந்தவர் அதிலேயே நிலைத்தார். இருவரையும் தப்பு செய்தார்கள் என்று சொல்ல முடியுமா? ஆகவே "தத்துவம் நல்ல பாடமா?" என்று கேட்டால் வரலாறு பதில் சொல்லாது. யாருக்கு, எதற்காக என்று கேட்டால்தான் சொல்லும்.

குரோம்பேட்டையில் ஓர் இரண்டாம் வாசல்

1949-இல் சி. ராஜம் என்பவர், தம் சொந்த மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். நாம் எம்.ஐ.டி. என்போம். விமானம், மோட்டார் வண்டி, எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று அந்நாளில் நம் ஊருக்குப் புதிதாக இருந்த நான்கு துறைகள். அதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டு தொழில்நுட்பம் கற்பித்த இடம் அது. முதலாண்டு பொதுவாகப் படித்துவிட்டு, பிறகு துறையைத் தேர்ந்துகொள்ளலாம். அதாவது பதினாறு, பதினேழு வயதில் பொறியியலைத் தவறவிட்டவர்களுக்கு இருபதுக்கு மேல் திறந்த வாசல்.

அந்த வாசல் வழியாக 1954-இல் உள்ளே போனவர்களில் ஒருவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இன்டர்மீடியட்டும் பி.எஸ்சி. இயற்பியலும் படித்தவர். படிப்பை முடிக்கும் கட்டத்தில்தான் இயற்பியல் தமக்குரிய பாடமல்ல என்று உணர்ந்ததாக 'அக்கினிச் சிறகுகள்' நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இன்டர் முடித்தவுடனேயே பொறியியலுக்குப் போயிருக்கலாம், அந்தச் சமயத்தில் அவ்வளவு விவரம் தெரியவில்லை. எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையிடம் இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

நண்பர்களே, "மனசுக்குப் பிடிச்சதைப் படி" என்று சொல்வது சுலபம். பாடத்தை மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலும் அந்த விலையைக் கொடுப்பவர் வேறு ஒருவர். கலாமின் கதையில் அந்த வளையல்கள் வராவிட்டால் எம்.ஐ.டி. வாசல் இருந்தும் பயனில்லை. வாசல் இல்லாவிட்டால் வளையலாலும் பயனில்லை.

எம்.ஐ.டி. வளாகத்தில் பாடம் நடத்துவதற்காக இரண்டு பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். முதலாண்டு முடிந்ததும் விமானத் துறையை எடுத்துக்கொண்டார். ஆஸ்திரியாவிலிருந்து வந்த பேராசிரியர் ஸ்பாண்டர் அவருக்குச் சொன்ன அறிவுரை, வேலை வாய்ப்பை எண்ணிக் கவலைப்படாமல் அடித்தளத்தைப் பலமாகப் போட்டுக்கொள், நீ எடுத்த துறையில் ஆர்வம் இருக்கட்டும் என்பதுதான். கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் கலாம் தமிழில் கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் தேவனிடம் முதற்பரிசு பெற்றார். பரீட்சைக்கு அந்தக் கட்டுரை தேவையில்லை. ஒருவன் பாடத்துக்கு வெளியே, மார்க் இல்லாமல், தானாக ஒன்றைச் செய்கிறான் என்றால் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அத்தோடு எல்லாம் சுகமாக முடிந்துவிட்டதா? இல்லை. அவர் ஆசைப்பட்டது விமானப்படையில் விமானியாவதற்கு. 1958-இல் டேராடூனில் நேர்முகத் தேர்வு. இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. மனம் நொந்து ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்துத் தேறுதல் பெற்றுத் திரும்பினார். டில்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். 1980-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது அந்த வழியாகத்தான். பாடத்தைச் சரியாகத் திருத்திக்கொண்டவருக்கும் ஆசைப்பட்ட வேலை கிடைக்கவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே காலத்தில், அதே செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்து அதே எம்.ஐ.டி.க்கு எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தவர் எஸ். ரங்கராஜன். நமக்கு எழுத்தாளர் சுஜாதா. அவர் வழி வேறு. எழுத்து அவரை எவ்வளவு இழுத்தபோதும் பொறியாளர் வேலையை விடவில்லை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட அந்த இயந்திரம் 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்துவிட்டது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு வண்டி ஓட்டினார். இரண்டும் ஒன்றுக்கொன்று சுமையாகவில்லை. அவருடைய எலெக்ட்ரானிக்ஸ்தான் தமிழ்க் கதைக்குப் புது ரத்தம் கொடுத்தது.

தாம்பரத்தில் இருவர்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே சானடோரியம் என்ற ஒரே ஒரு ஸ்டேஷன். அதைத் தாண்டி நம் வீட்டுக்கு வருவோம்.

டி.என். சேஷனும், பிற்காலத்தில் டில்லி மெட்ரோவைக் கட்டிய ஈ. ஸ்ரீதரனும் பாலக்காட்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருவருக்குமே காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் போனார். சேஷன் அதை விட்டுவிட்டுத் தாம்பரத்துக்கு இயற்பியல் படிக்க வந்தார். இன்றைக்கு எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை, "இன்ஜினீயரிங் கிடைச்சிருக்கு, ஆனா பிசிக்ஸ் படிக்கிறேன்" என்று சொன்னால் அன்று அடுப்பு எரியாது!

சேஷன் படித்து முடித்துச் சில காலம் நம் கல்லூரியிலேயே கற்பித்தார். பிறகு அதையும் விட்டு ஆட்சிப்பணித் தேர்வு எழுதி 1955-இல் ஐ.ஏ.எஸ். ஆனார். அப்படியென்றால் இயற்பியல் வீண்தானா? பின்னாளில் அணுசக்தித் துறையிலும் விண்வெளித் துறையிலும் அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். விஞ்ஞானிகள் பேசுவது புரிகிற நிர்வாகி அங்கே எவ்வளவு தேவைப்பட்டிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக அவர் செய்ததை நாடறியும்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒரு சம்பவம். 1962-இல் சென்னையில் போக்குவரத்துத் துறை இயக்குநராக இருந்தபோது, ஒரு டிரைவர் அவரை நேருக்கு நேர் கேட்டாராம்: பஸ்ஸும் ஓட்டத் தெரியாது, எஞ்சினும் தெரியாது, எங்கள் கஷ்டம் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று. சேஷன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்து மாட்டக் கற்றார். பஸ் ஓட்டக் கற்றார். ஒருமுறை பயணிகளோடு 80 கிலோமீட்டர் ஓட்டியும் காட்டினார். பதவியின் பெயர் அவருக்குப் போதவில்லை. அந்த வேலை தினமும் எப்படி நடக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்தார். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர், தாங்கள் செய்யப் போகும் வேலையை ஒரு நாளாவது கிட்டே நின்று பார்த்திருக்கிறார்கள்?

ஸ்ரீதரனோ சிவில் இன்ஜினீயரானார். 1964 டிசம்பர் புயல் பாம்பன் பாலத்தைச் சிதைத்தபோது 46 நாளில் அதைச் சீரமைத்த பணிக்குத் தலைமை தாங்கினார். பிறகு கொங்கண் ரயில்வே, டில்லி மெட்ரோ. ஒரே பள்ளி வகுப்பிலிருந்து கிளம்பிய இருவர், ஒருவர் எடுத்த வழியை மற்றவர் விட்டார். எந்த வழி சரி என்று பட்டிமன்றம் வைத்தால் நடுவர் தீர்ப்புச் சொல்ல முடியாமல் திண்டாடுவார்.

கடைசியாக ஒருவர். நாம் எல்லோரும் அவர் நிழலில் நடந்திருக்கிறோம், பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் ஆசிரியர். ஆனால் செடி கொடிகள் மேல் தீராத காதல். விடுமுறை வந்தால் நீலகிரி, பழனி மலைகளில் ஏறிவிடுவார். அதுவரை அறிவியலுக்குத் தெரியாத செடிகளைக் கண்டுபிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். சேம்பு, சேனைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலைச்செடிக்குத் தாவரவியல் அறிஞர்கள் அரிசீமா பார்ன்ஸியை என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சேலையூர்ப் புதர்க்காட்டில் 350 ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தை நம் கல்லூரி பெற்று, ஸ்விட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷெட்டி கட்டடங்களுக்குப் படம் வரைந்தபோது, அந்த நிலத்தை மரங்களால் நிரப்பியவர்கள் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும். சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று எந்த ஹாலில் இருந்தாலும் வகுப்புக்குப் போகும் வழியில் நமக்கு நிழல் கிடைத்ததே, அது இருந்த காட்டைக் காப்பாற்றி அதோடு சேர்த்து நட்டவர்கள் தந்தது.

பார்ன்ஸ் வேதியியலை விட்டுவிடவில்லை. தாவரவியல் துறைக்கு மாற்றிக்கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. சம்பளம் வாங்கிய பாடத்தை ஒழுங்காகக் கற்பித்தார். காதலித்த பாடத்தை ஓய்வில் வளர்த்தார். இப்படியும் ஒரு வழி உண்டு. தப்பான பாடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த வழியே போதுமானது என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அந்தக் காலத்துப் பெரியவர்கள் கதை இன்றைக்கு உதவுமா என்று கேட்கலாம். காலம் மாறிவிட்டது உண்மைதான். அவர்கள் நாளில் இன்டர்மீடியட் இரண்டாண்டு கல்லூரியிலேயே இருந்தது. பிறகு பி.யு.சி. வந்தது. 1978-இல் அது பிளஸ் டூவாகிப் பள்ளிக்கூடத்துக்குள் போயிற்று. கல்லூரியையே பார்க்காத வயதில், பதினோராம் வகுப்பு குரூப்போடு பாதித் தலையெழுத்து எழுதப்படுகிறது. 1984 வாக்கில் தனியார் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கி, இன்று மாநிலத்தில் 400-க்கும் மேல் இருக்கின்றன. முன்பு கதவைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. இப்போது கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிறது. விரும்பி நுழைந்தவர் யார், தள்ளப்பட்டு நுழைந்தவர் யார் என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண், கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் இரண்டாமாண்டு. ஒரு நாள் வந்து, "தாத்தா, நான் தப்பான கோர்ஸ்ல மாட்டிக்கிட்டேனோன்னு தோணுது" என்றாள். நான் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். மேலே சொன்னவர்களிடமிருந்து கற்றதுதான், என் சொந்தச் சரக்கு ஏதுமில்லை.

முதல் கேள்வி: "எதும்மா பிடிக்கலை? பாடமா, பாடம் நடத்துற விதமா, காலேஜா, இல்லே பக்கத்து சீட்டுப் பொண்ணோட மார்க்கா?" இது நாலும் நாலு வெவ்வேறு வியாதி. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு ஆகாது. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பாடம் மோசமில்லை தாத்தா. ஆனா வகுப்புல எல்லாரும் எனக்கு முன்னாடியே ஓடுறாங்க" என்றாள்.

இரண்டாவது: "யாரும் சொல்லாம, மார்க் இல்லாம, நீயா என்ன செய்யிறே?" தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள். அது எனக்கே தெரியும். என் பேரனும் அவளிடம்தான் போகிறான். ஆனால் அதை ஒரு விஷயமாக அவள் எண்ணியதே இல்லை.

மூன்றாவது: "கம்ப்யூட்டர் இன்ஜினீயர் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செய்யிறார்னு பார்த்திருக்கியா? கணக்கு டீச்சர் வகுப்புக்கு வெளியே என்னெல்லாம் செய்யிறாங்கன்னு பார்த்திருக்கியா?" இரண்டையும் பார்த்ததில்லை. லீவில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். குழந்தையைக் குழப்பிவிட்டீர்களா என்று சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "சார், நகையை வெச்சுத்தான் ஃபீஸ் கட்டினோம். இப்ப மாத்தணும்னா இன்னொரு தடவை வெக்கிறதுக்கு வீட்டுல ஒண்ணுமில்லை." அவருக்கு ஜொஹராவின் வளையல் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வளையல் இரண்டாம் வாசலுக்குப் போனது. இவர் வீட்டு வளையல் முதல் வாசலிலேயே போய்விட்டது. எல்லா வீட்டிலும் இரண்டு ஜோடி இருக்காது.

அவரிடம் நான் சொன்னது இதுதான். பாடத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி என்பதில்லை. பட்டத்தை முடித்துக்கொண்டு கற்பிக்கப் போகலாம். பார்ன்ஸைப் போல ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வளர்க்கலாம். பாடம் உடம்புக்கும் மனசுக்கும் ஆகவே ஆகாது என்று தெரிந்தால் மட்டும், என்ன செலவானாலும், உடனே மாற்ற வேண்டும். பிள்ளையை விட ஃபீஸ் பெரிதல்ல. அந்தப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுக்கட்டும், அவசரமில்லை. நான் விரும்புவது ஒன்றுதான்: பயத்தால் இருக்கவும் வேண்டாம், பயத்தால் ஓடவும் வேண்டாம்.

நம்மால் ஆவது

சங்கத்து நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

ஒன்று: நாம் உதவித்தொகை கொடுக்கும்போது முதல் மதிப்பெண் வாங்கியவரைத்தான் தேடுகிறோம். நல்லதே. கூடவே, நன்றாக யோசித்துப் பாடத்தை மாற்றிக்கொள்ள விரும்பியும் பணமில்லாமல் நிற்கும் ஓரிரு பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் என்ன? சி. ராஜத்தைப் போல மாளிகையை விற்று வாசல் கட்ட நம்மால் ஆகாது. ஒரு ஜோடி வளையலுக்கு ஈடாக நம்மால் நிற்க முடியும்.

இரண்டு: நம்மில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, பத்திரிகைக்காரர் உண்டு, பாங்குக்காரர்களோ ஏராளம். ஆளுக்கு ஒரு மாணவரை ஒரு நாள் தம்மோடு வேலை இடத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தம் வேலையில் எது இனித்தது, எது கசந்தது என்று பூசி மெழுகாமல் சொல்லலாம். விளம்பரப் புத்தகத்தில் சொல்லாததை நாம்தானே சொல்ல முடியும்?

வங்கியில் இருந்தவனுக்கு வரலாறு என்ன உதவியது என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் பதில்: ஒரு கணக்கைப் பார்த்தால், இது எங்கிருந்து வந்தது, யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று கேட்கும் புத்தியை அது கொடுத்தது. ஆடிட்டுக்கு வேறென்ன வேண்டும்? படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தம் பட்டத்தின் பெயரில் இருப்பதில்லை, தேடினால்தான் அகப்படும். மாணவர்களோடு உட்கார முன்வருகிறவர்கள் தங்கள் பெயரை சங்கச் செயலாளரிடம் இன்றே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் முதலாவதாக என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.